‘கூடாது’ என்று சொன்னால் போதுமா?

மாணவர்களே, பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தைக் குறைக்கச் சிலருக்கு மூளைக்குள் மெல்லிய மின்கம்பி பொருத்துகிறார்கள். நெஞ்சுத் தோலுக்கடியில் உள்ள சிறு கருவி அதற்கு மின்துடிப்பு அனுப்பும். இவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?

காந்தம் இழுத்துவிடுமோ என்றுதான் நினைப்பீர்கள். பெரிய ஆபத்து வேறு. ஸ்கேனரின் வானொலி அலைகளைக் கம்பி ஏரியல்போல் வாங்கும். முனை சூடேறி மூளைத் திசுவைச் சுட்டுவிடலாம்.

அதற்காக ‘ஸ்கேனே கூடாது’ என்பது சரியல்ல. மூளையில் கட்டி வந்தால் அவர்களுக்கும் ஸ்கேன் வேண்டுமே! கருவியின் மாதிரியைச் சரிபார்த்து, அலையின் ஆற்றலைக் கட்டுப்படுத்தினால், பல கருவிகளோடு 1.5 டெஸ்லாவில் எடுக்கலாம். சிலவற்றுக்கு 3 டெஸ்லாவும் சரி.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், கருவி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தால்தான் மருத்துவரால் பாதுகாப்பாக முடிவெடுக்க முடியும்.