ஒரே பட்டியலுக்கு மூன்று விலை

திருகோணமலை மாவட்டத்தில் வந்து குடியேறிய நமது தோட்டக் குடும்பங்களில் யாராவது கல்வீடு கட்டத் தொடங்கினால், முதற்கேள்வி “எந்த மேசன் பாஸ் மலிவு?” என்பதுதான். எந்த வேலைக்கு மலிவு என்பதை முதலில் கேட்க வேண்டும் என்கிறோம் நாம்.

ஒருவர் சதுர அடிக்கு விலை சொல்வார். அதில் மலசலகூடம் இருக்காது. இன்னொருவர் மொத்தமாகப் பேசுவார். வெளிப்பூச்சு சேராது. மூன்றாமவர் கூலியை மட்டும் சொல்வார். இந்த மூன்று தொகையையும் எப்படி ஒப்பிடுவது? மலிவென்று நம்பிய வீடு லின்டல் மட்டத்தில் நின்றால், மீதிக்கு வட்டிக் கடன்தான்.

வடக்கு கிழக்கில் 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. வீட்டின் அளவு முன்பே தீர்மானமானது. ஒவ்வொரு கட்ட வேலையும் முடிய முடியப் பணம் தவணையாக வந்தது. சொந்தப் பணத்தில் கட்டும்போது இந்த இரண்டு காவலையும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். தகுதியுள்ள அங்கத்தவர் சேமலாப நிதியில் 30 சதவீதம் வரை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்கலாம். அது முதுமைக்கால உழைப்புப் பணம். ஆகவே இன்னும் கவனம் தேவை.

விலை கேட்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: அத்திவாரத்தின் ஆழம், அகலம், சுவர்க்கல் 4 அங்குலமா, 6 அங்குலமா, கம்பியின் தடிப்பு, சீமெந்து, மணல் கலவை அளவு, கூரைக்கு ஓடா, சீற்றா, கதவு, யன்னல், பூச்சு, வயரிங், மலசலகூடக் குழி, பொருள் யார் வாங்குவது, ஏற்றுகூலி யாருடையது. நம்முடையது கடலோர மாவட்டம். உப்பு மணல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். எனவே ஆற்று மணல் என்றே எழுதுங்கள். அதே தாளை மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தனி விலை கேளுங்கள். ஒரு வரியில் மட்டும் விலை மிகக் குறைந்திருந்தால், காரணம் கேட்டறியுங்கள்.

“பாஸ் நம்ம ஆள், எழுத்தில் கேட்டால் கோபிப்பார்” என்பார்கள் சிலர். எழுத்து அவரையும் காக்கும். எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து நேர்மையாக விலை சொல்பவர், பாதியை மறைத்துச் சொல்பவரிடம் தோற்கக்கூடாது. சம்பளத்தைக் கம்பனிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யப் பழகிய தொழிலாளர் நாம். வீட்டு விடயத்தில் மட்டும் வாய்ப்பேச்சு போதுமா?

ஒவ்வொரு கிளையும் தொழில்நுட்ப அறிவுள்ள ஒருவரின் உதவியோடு இப்படியொரு பட்டியலைத் தயாரித்து வைக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்.