"நம்ம மாவட்டத்துக்கு இதெல்லாம் எதுக்கு?"

இணையதளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமையுங்கள் என்று சொன்னால், பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு பதில் தயாராக இருக்கும்: "சென்னைக்குச் சரிங்க. இங்க எத்தனை பேர் பாக்கப்போறாங்க? அந்த நாலு பேருக்காக இவ்வளவு செலவா?" பள்ளிக்கூடத்துக்குத் தளம் கட்டித் தருகிறவரும் இதைத்தான் சொல்கிறார், அதற்குப் பணம் கொடுக்கிற நிர்வாகியும் இதைத்தான் சொல்கிறார். காதுக்கு நியாயமாகத்தான் படுகிறது.

முதலில் அந்த "நாலு பேர்". 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதிவான மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11.8 லட்சம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களின் மக்களையும் அன்று கூட்டினால் 13.2 லட்சம்; ஏறக்குறைய அவ்வளவு பேர். மாற்றுத்திறனாளிகள் கணக்குக்குள் வராமலேயே சிரமப்படுகிறவர்கள் இன்னும் அதிகம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருகிறது. அதற்காக யாரையும் மாற்றுத்திறனாளிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளக் காட்டு வரப்பில், உச்சி வெயிலில், கீறல் விழுந்த செல்போனில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பார்க்கிறவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்க்கிறார். தேதி 15-ஆ 16-ஆ என்று தெரியவில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகலுக்கான டபிள்யூசிஏஜி என்னும் உலக வழிகாட்டி. பார்வை மங்கியவர்களை நினைத்து எழுதிய விதி அது. வரப்பில் நிற்கிறவருக்கும் அதேதான் தேவை.

அடுத்து, "அறிவிப்பைத்தான் பிடிஎஃப்பா போட்டுட்டோமே" என்பது. எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளைச் சற்றுக் கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றிவிடுகிறார்கள். எழுத்தைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். பார்வையற்றவருக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காது. மற்றவர்களுக்கு மட்டும் என்ன கிடைக்கிறது? கூகுளில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது. தன் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று தேட முடியாது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது. செல்போனில் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்பிலும் இதே கதைதான்: கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை. யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டாயிற்று. எழுத்தை எழுத்தாகவே ஏற்றுவதற்குத் தனிச் செலவு ஏதும் கிடையாது.

"படிக்கத் தெரியாதவங்களுக்கு இ-சேவை மையம் இருக்கே" என்பது மூன்றாவது. இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அரசுப் பக்கங்களை ஊரிலேயே அதிகம் பயன்படுத்துகிறவர் யார்? அந்த மையத்தில் உட்கார்ந்திருக்கிறவர்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று என்று நாள் முழுக்க ஒரே படிவத்தை நிரப்புகிறார். கை மவுஸுக்குப் போகாமல் டேப் விசையைத் தட்டிக்கொண்டே கட்டம் கட்டமாக நகர்வது அவர் பழக்கம். மவுஸ் பிடிக்க முடியாதவருக்காக வைத்த விதி ஒன்று உண்டு: எல்லாவற்றையும் விசைப்பலகையாலேயே செய்ய முடிய வேண்டும், வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும். அதைப் பின்பற்றாத படிவத்தில் டேப் தட்டினால் தந்தை பெயரிலிருந்து பக்கத்தின் அடிக்குத் தாவும். எதையோ தப்பாக நிரப்பியதாகக் கட்டம் சிவக்கும்; எது தப்பு என்று எழுத்தில் வராது. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி எல்லாம் அழிந்துபோகும். வாசலில் வரிசை நீளும். வரிசையில் நிற்கிறவர்கள் "சர்வர் ஸ்லோ" என்று நினைத்துக்கொள்வார்கள்.

செலவைப் பற்றி: கட்டி முடித்த தளத்தை உடைத்துத் திருத்தினால் செலவுதான். தொடக்கத்திலேயே செய்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இரு மாவட்ட நிர்வாகங்களின் தளங்களும் தேசியத் தகவலியல் மையத்தின் எஸ்3வாஸ் கட்டமைப்பில் நிற்பவை. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் அதிலேயே வருகிறது. செலவைக் குறைக்கிறேன் என்று, தளத்தைத் தானே சரிசெய்வதாகச் சொல்லும் ஒற்றை வரி நிரலை ஒட்டி, மூலையில் சக்கரநாற்காலிச் சின்னத்தைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கருவியை விற்ற ஆக்சஸிபி நிறுவனம், எந்தத் தளத்தையும் விதிக்கு உட்பட்டதாக்கிவிடும் என்று மிகையாக விளம்பரம் செய்ததற்காக 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது.

அழகு கெட்டுவிடும் என்கிற வாதத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. ஓடிக்கொண்டே இருக்கும் செய்திப் பட்டையை அழகு என்கிறவர்கள் சொல்வது அது.

எல்லோருக்கும் பயன் என்ற வாதமும் ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சைகைமொழிக் காணொளியால் காது கேட்கிறவருக்கு லாபம் எதுவும் இல்லை. அதையும் செய்துதான் ஆக வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி. ஆசிட் வீச்சில் முகம் சிதைந்து, வங்கி அடையாளச் சரிபார்ப்புக்குக் கண்ணைச் சிமிட்டிக் காட்ட முடியாதவர்களும், பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அப்படிச் சிமிட்ட முடியாதவர்கள் நாட்டில் மிகச் சிலரே. ஆனாலும் 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, சிமிட்டலுக்கு மாற்றுவழி வைப்பது உட்பட 20 உத்தரவுகளை அந்த நீதிமன்றம் பிறப்பித்தது.