முதல் திரை யாருடைய மொழியில் பேச வேண்டும்?

கையடக்கக் கணினி என்றவுடன் அதன் விலை, வேகம், நினைவகம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சே எழுகிறது. திறந்தவுடன் தோன்றும் முதல் திரையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. செயலிகளைத் தொட்டுத் திறக்க உதவும் அத்திரை, படங்களை அழகாக அடுக்கும் ஓவியரின் வேலையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. உண்மையில் அது மொழியியல் சிக்கல். எதற்கு என்ன பெயர், அப்பெயரை யார் எந்த எழுத்தில் வாசிப்பார் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் அத்திரையை வடிவமைக்க இயலாது.

இந்த வினாக்களை எதிர்கொண்ட இந்திய முயற்சி ஒன்று உண்டு. 1998இல் பெங்களூரில், வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி நடந்த கருத்தரங்கின் தொடர்ச்சியாகச் 'சிம்பியூட்டர்' பிறந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து அதனை உருவாக்கினர். 2001இல் முன்மாதிரி வெளியானது. 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த 'அமிடா' சந்தைக்கு வந்தது. எளிமை, மலிவு, பன்மொழி என்பன அதன் பெயரிலேயே பொதிந்த கொள்கைகள். லினக்ஸில் இயங்கிய அக்கருவியின் திரை 320க்கு 240 படப்புள்ளிகள் மட்டுமே. எழுத்தறியாதோரையும் கருதி, எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளை அதன் வடிவமைப்பாளர்கள் சேர்த்தனர். ஒரு கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஏதுவாகத் தனித்தனி ஸ்மார்ட் கார்டையும் திட்டமிட்டனர். பகிரும் கருவியில் 'யாருக்கான திரை' என்னும் வினா தவிர்க்க முடியாதது.

அவ்வினாவின் கடினத்தை உணர, அதே நகரின் ஈஜிபுராவை நோக்கினால் போதும். கோரமங்கலாவை ஒட்டிய அப்பகுதியின் தெருக்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு எனப் பல மொழிகள் ஒலிக்கின்றன. தமிழ் பேசும் வீடொன்றில் பாட்டி எந்த எழுத்தையும் அறியாதவராக இருக்கலாம். தாய் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசிக்கலாம். மகளோ கன்னடப் பள்ளியில் பயின்று, தமிழில் பேசிக் கன்னடத்தில் எழுதலாம். 'மொழியைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒற்றை வினா கேட்கும் கருவி, பேசும் மொழியும் வாசிக்கும் எழுத்தும் ஒன்றே என்று எண்ணிக்கொள்கிறது. ஈஜிபுராவில் அவ்வெண்ணம் பொய்க்கிறது. கேட்கும் மொழி, வாசிக்கும் எழுத்து என இரு வினாக்கள் தேவை.

அடுத்தது, பெயரின் வடிவம். கடிதம் எழுதும் செயலிக்குத் தமிழில் 'எழுது' என்று பெயரிடலாமா, 'எழுதுக' என்றா, 'எழுதுங்கள்' என்றா? ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே வினைவடிவம் ஏவலுக்கும் பெயருக்கும் பொருந்திவிடுகிறது. தமிழில் ஏவல் வினை, பேசுவோர் யார், கேட்போர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். மனிதர் கருவிக்கு இடும் கட்டளை எனில் 'எழுது' சரி. கருவி மனிதரிடம் பேசுகிறது எனில் எழுபது வயது மூதாட்டியை 'எழுது' என்பது மரியாதைக் குறைவு. ஒரே திரையில் ஓரிடத்தில் 'திற', இன்னோரிடத்தில் 'சேமிக்கவும்' என்று கலந்து எழுதும்போது பேசுவது யார் என்பதே குழம்பிவிடுகிறது. 'கடிதம்', 'கணக்கு', 'படம்' எனப் பெயர்ச்சொற்களை ஆள்வது இச்சிக்கலைத் தவிர்க்கும் எளிய வழி.

மூன்றாவது, இடம். 240 படப்புள்ளி அகலத்தில் நான்கு படங்களை வரிசைப்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 60 புள்ளிகளே எஞ்சும். 'அமைப்புகள்' என்னும் சொல் அதற்குள் அடங்குவது கடினம். இடம் போதாதபோது சொல்லை வெட்டும் நிரல், எழுத்துகளை அன்றிக் குறியீடுகளை எண்ணினால் விபரீதம் நேர்கிறது. யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனிக் குறியீடுகள். ஆகவே 'ப்' என்பது 'ப' ஆகிவிடும். 'கொ' என்பது 'க' ஆகிவிடும். சொல் சுருங்குவதோடு நில்லாமல் ஒலியே மாறிவிடுகிறது.

இன்றைய லினக்ஸ் கருவிகளில் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு. பெயர், விளக்கம், படம், இயக்க வேண்டிய கட்டளை ஆகியவை அதில் இருக்கும். பெயரை மொழிவாரியாகத் தரவும் வழியுண்டு. தமிழ்ப் பெயர் எழுதப்படாவிடில், இயல்பாக எழுதப்பட்ட பெயர் தோன்றும்; அது பெரும்பாலும் ஆங்கிலம். 'தமிழ் இல்லையேல் கன்னடம்' என்பதே ஈஜிபுராச் சிறுமிக்கு வேண்டிய வரிசை. மேலும், பெயரை ஒலியாகச் சேர்க்க அந்த வரையறையில் இடமில்லை. பாட்டிக்கு வேண்டியது அதுவே.

படங்களே போதும், மக்கள் நிறத்தையும் இடத்தையும் வைத்துப் பழகிக்கொள்வர் என்பது மறுதரப்பு வாதம். அதில் உண்மை உண்டு. எழுத்தறியாத பலர் திறன்பேசியை அவ்வாறே கையாள்கின்றனர். ஆயினும் பழகியது, புதுப்பிப்பில் படம் இடம் மாறும்வரை மட்டுமே உதவும். நெகிழ்வட்டைக் கண்ணால் காணாத தலைமுறைக்கு அதன் படம் 'சேமிப்பு' என்பதும் மனப்பாடமே. ஒருமுறை பார்த்து அறியாதவர் கேட்டு அறிய வழி இருத்தல் வேண்டும்.

சிம்பியூட்டரின் விற்பனை சில ஆயிரங்களைத் தாண்டவில்லை. மலிவான கைப்பேசிகள் பெருகியதும் அதற்கு ஒரு காரணம். முதல் திரை அதனை வீழ்த்தியது என்று கூற இயலாது. ஆனால் அது எழுப்பிய வினாவும் அக்கருவியோடு கைவிடப்பட்டது. இன்று பங்கீட்டு அட்டையும் வங்கிக் கணக்கும் மருத்துவ முன்பதிவும் கைத்திரைக்குள் வந்துவிட்டன. திரையை வாசிக்க முடியாதவர் அண்டை வீட்டாரிடம் கருவியோடு தம் கடவுச்சொல்லையும் ஒப்படைக்க நேர்கிறது. ஆகவே முதல் திரையின் சொற்களை மொழிபெயர்ப்பாளரிடம் இறுதி வாரத்தில் அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். படம் வரைவதற்கு முன்பே சொல்லும், எழுத்தும், ஒலியும், அவற்றின் மாற்று வரிசையும் முடிவாக வேண்டும்.