இக்காமாவும் ஓர் அமானத்தே!

 

காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் எழுந்த பின்னர், இப்பகுதி இளைஞர் பலர் வெல்டிங், ஃபிட்டிங், கிரேன் இயக்குதல் முதலிய தொழில்களைப் பழகிக்கொண்டனர். தொழில் கைவந்ததும் அவர்களுடைய கண் வளைகுடா நாடுகளை நோக்குகிறது. சபர் புறப்படுமுன் துஆக் கேட்டு வருவோர் சில மஸ்அலாக்களையும் கேட்பதுண்டு. விமானத்தில் எவ்வாறு தொழுவது? எத்தனை நாள்வரை கஸ்ர் செய்யலாம்? கம்பெனி மெஸ்ஸில் தரும் இறைச்சியை உண்ணலாமா? யாவும் நல்ல கேள்விகளே. ஆயினும், "என் விசாவில் எழுதப்பட்டிருக்கும் வேலையை நான் செய்யப்போவதில்லை, இது கூடுமா?" என்று கேட்டவர் அரிது. "ஊரிலுள்ள என் வங்கிக் கணக்கை இனி எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டவர் அதனினும் அரிது.

இறைச்சியில் காட்டும் பேணுதலை இருப்பிடத் தாளிலும் வங்கிப் படிவத்திலும் காட்டாதது நம் சமுதாயத்தில் வேரூன்றிவிட்ட பெருங்குறையாகும். அதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் 'சமாளிப்பு'. மார்க்கத்தில் அதற்குரிய பெயர் கியானத், அதாவது நம்பிக்கை மோசடி.

விசா என்பது 'அமான்'

"விசா, இக்காமா, வங்கி விதி எல்லாம் மனிதர்கள் போட்ட சட்டம். அவற்றை மீறுவது எப்படிப் பாவமாகும்?" என்று சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதம் ஃபிக்ஹு அறியாமையால் எழுவது.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'முஸ்தஃமின்' பற்றிய பாடம் ஒன்று உண்டு. பிறருடைய நாட்டிற்குள் அவர்களிடம் பாதுகாப்பு வாக்குறுதி பெற்று நுழைபவரே முஸ்தஃமின். அந்த வாக்குறுதிக்கு 'அமான்' என்று பெயர். ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவை எடுத்துப் பாருங்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'அல்உம்மு' நூலை எடுத்துப் பாருங்கள். அமான் பெற்று நுழைந்தவர் அந்நாட்டாரின் உயிருக்கோ பொருளுக்கோ தீங்கிழைப்பது கூடாது என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. போர் நடக்கும் பகைநாட்டைப் பற்றியே இவ்வாறு சட்டம் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வாறிருக்க, நமக்கு வேலையும் ஊதியமும் தந்து தங்க இடம் கொடுக்கும் நாட்டைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ? இக்காலத்து விசாவை அன்றைய அமானின் இடத்தில் வைத்தே உலமாக்கள் விளக்குகின்றனர். விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர் வாக்குக் கொடுத்தவராகிறார். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்தில் அல்லாஹ் ஒப்பந்தங்களை நிறைவேற்றக் கட்டளையிடுகிறான்; அக்கட்டளையில் 'அரசாங்கத் தாள்கள் நீங்கலாக' என்ற விதிவிலக்கு எதுவும் இல்லை.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வையே பாருங்கள். தாயிஃபிலிருந்து துயரத்தோடு திரும்பிய வேளையில், தாம் பிறந்த மக்காவுக்குள்ளேயே முத்இம் இப்னு அதீ என்பவரின் அடைக்கலத்தில்தான் அவர்கள் நுழைந்தார்கள். முத்இம் இஸ்லாத்தைத் தழுவியவரல்லர். ஆயினும், அவர் செய்த உதவியை நபியவர்கள் மறக்கவில்லை. பத்ருப் போர்க் கைதிகளைக் குறித்துப் பேசுகையில், முத்இம் உயிரோடிருந்து கேட்டிருப்பாராயின் அவருக்காக அவர்களை விட்டுவிட்டிருப்பேன் என்ற கருத்தில் கூறினார்கள். பிறகு ஹிஜ்ரத் புறப்பட்டபோது, தம்மைக் கொல்லத் திட்டமிட்டிருந்த ஊராரின் அமானத்துகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் நிறுத்திவிட்டே சென்றார்கள். அடைக்கலம் தந்தவருக்கு நன்றியுணர்வு, புறப்படுமுன் கணக்கு முடித்தல் ஆகிய இவ்விரண்டும் நம் சபராளிகளின் வழக்கத்தில் எங்கே போயின?

'ஃப்ரீ விசா' எனும் மாயை

சவூதிக்குச் செல்வோரிடையே 'ஃப்ரீ விசா' என்றொரு சொல் புழங்குகிறது. அது இலவசமும் அன்று, சுதந்திரமும் அன்று. ஒரு கஃபீல் தம் நிறுவனத்தின் பெயரில் ஆள் தேவை என்று காட்டி விசா பெற்று, அதை விற்றுவிடுகிறார். வாங்கியவர் வெளியில் வேறிடத்தில் உழைத்து, மாதந்தோறும் கஃபீலுக்கு ஒரு தொகை செலுத்துகிறார். இக்காமாவில் ஒரு தொழில். செய்வதோ வேறொரு தொழில். தம் முதலாளியை விட்டுப் பிறரிடம் வேலை செய்வதைச் சவூதித் தொழிலாளர் சட்டம் தடுத்திருக்கிறது. 2013-இல் அந்நாட்டு அரசு, தாள்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள நவம்பர் 3 வரை அவகாசம் தந்து, அதன்பின் கடுமையான சோதனையில் இறங்கியது. நிதாகத் காலம் என்று நம்மவர் இன்றும் நினைவுகூரும் நாட்கள் அவை. அதற்குப் பிறகும் நாம் பாடம் கற்றோமா?

கஃபீலுக்கு மனம் மாறினால், ஓடிப்போனவர் என்று 'ஹுரூப்' புகார் கொடுத்துவிடுவார். இக்காமா காலாவதியானால் வங்கிக் கணக்கும் முடங்கும். தாம் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தாமே எடுக்க முடியாத நிலை. முறையிடச் செல்லவும் அச்சம். இத்தகைய விசாவுக்காகத்தான் வீட்டுப் பெண்களின் நகைகள் வட்டிக்கு அடகு வைக்கப்படுகின்றன. பொய்யான தாளை வட்டிப் பணத்தில் வாங்கிவிட்டு, "பரக்கத் இல்லையே, ஹஜ்ரத்!" என்று வருந்துவதில் பொருளில்லை.

உறவினருக்கு இத்தகைய விசாவை 'ஏற்பாடு' செய்து இலாபம் பார்ப்போரிடமும் ஒரு வார்த்தை. அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுக்க இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்கே உரிமை உண்டு. அவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே பெறலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியோடு செல்பவருக்கு விபத்து மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் 10 இலட்சம் ரூபாய் அரசுக் காப்பீடும் கிடைக்கிறது. "விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று வழிகாட்டுவோர், அந்த ஏழைக் குடும்பத்தின் பாதுகாப்பையும் சேர்த்துப் பறிக்கின்றனர். இதற்குப் பெயர் உதவியா?

கடனை விட்டு ஓடுதல்

இருப்பிட அனுமதி கிடைத்ததும் வங்கிக் கணக்கு, கணக்கு கிடைத்ததும் கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் என்று வரிசையாக வருகின்றன. வேலை போய்விட்டால் விமானம் ஏறிவிடுவது, "அந்த நாட்டு வங்கி நம் ஊருக்கா வரப்போகிறது?" என்று சிரிப்பது. வரும்! 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஐக்கிய அரபு அமீரக நீதிமன்றங்கள் வழங்கும் கடன் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றம் வழியே நிறைவேற்றலாம்.

அந்த அச்சம் இருக்கட்டும். கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸாவுக்கு, அபூகதாதா (ரலி) அவர்கள் கடனைப் பொறுப்பேற்கும் வரை நபி (ஸல்) அவர்கள் தொழ வைக்கவில்லை என்ற செய்தியை நாம் அறியாதவர்களா? வட்டிக்கு வாங்கியது ஒரு பாவம். "வட்டி ஹராம், ஆகவே கட்ட மாட்டேன்" என்று அசலையும் விழுங்குவது மற்றொரு பாவம். முந்தைய பாவம் பிந்தையதற்கு ஃபத்வா ஆகாது.

ஊரில் உள்ள கணக்கு

வேலைக்காக இந்தியாவை விட்டுப் புறப்படுபவர், 1999-ஆம் ஆண்டின் ஃபெமா சட்டப்படி வெளிநாடு வாழ்பவராகிறார். "182 நாட்கள் கழியட்டும்" என்று சிலர் காத்திருக்கின்றனர். வேலைக்காகச் செல்வோருக்கு அச்சட்டத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை. ஊரில் அவர் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வாடகை முதலிய உள்நாட்டு வருமானம் அதில் சேரும். வெளிநாட்டு ஊதியத்தை அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கு. அதிலுள்ள பணத்தைத் தடையின்றி மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லலாம். இவ்வளவு எளிய ஏற்பாடு இருந்தும், பத்து ஆண்டுகள் ஜித்தாவில் இருப்பவர் காட்டுப்பள்ளியிலேயே குடியிருப்பதாக வங்கிப் படிவத்தில் காட்டுகிறார். சட்டமீறல் நிறுவப்பட்டால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அபராதம் வராவிட்டாலும் கையொப்பமிட்டது பொய்தானே?

"வங்கியில் வட்டி இருக்கிறது, அதனால்தான் உண்டியலில் அனுப்புகிறேன்" என்பது அடுத்த சாக்கு. பணம் அனுப்புவதற்கு வங்கியும் பரிமாற்ற நிலையமும் வாங்குவது கட்டணமே, அது வட்டியன்று. உண்டியல் முறையோ அதே ஃபெமா சட்டத்தில் தடுக்கப்பட்டது. அதில் வரும் பணம் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பது பெறுபவருக்குத் தெரியாது. கடத்தல் பணமாயிருந்தால் விசாரணை அவருடைய வீட்டு வாசலுக்கே வரும். வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் என்ஆர்இ நடப்புக் கணக்கு திறக்கலாம். அதில் வட்டி இல்லை. சேமிப்புக் கணக்கில் வட்டி சேர்ந்துவிட்டால், சவாபை எதிர்பாராமல் வறியோருக்குக் கொடுத்துவிடுமாறு உலமாக்கள் பலர் வழி சொல்லியிருக்கின்றனர். வளைகுடாவிலோ வழி இன்னும் எளிது. துபாய் இஸ்லாமிய வங்கி 1975 முதல் இயங்கி வருகிறது. நாடெங்கும் இஸ்லாமிய வங்கிகள் இருக்கையில், கார்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காக வட்டி வங்கியைத் தேடிச் செல்பவர் யார் மீது குறை சொல்வார்?

பாதியை மட்டும் எடுக்கும் ஃபிக்ஹு

இங்கே சிலர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைத் துணைக்கு அழைக்கின்றனர். முஸ்லிமல்லாதாரின் பகைநாட்டில் அவர்களிடம் மிகுதி பெறுவது கூடும் என்ற கருத்து அவர்களுக்கு இருந்தது உண்மை. அவர்களுடைய மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களே அதை ஏற்கவில்லை. இமாம்கள் மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் (ரஹ்) ஆகியோரும் ஏற்கவில்லை. அன்றியும், இந்தியா நம் தாயகம். அரசியல் சாசனப்படி நாம் இதன் குடிமக்கள். பகைநாட்டுச் சட்டத்தை இங்கே பொருத்துவது எவ்வகையில் முறையாகும்?

அதைவிட வியப்பு ஒன்றுண்டு. அந்த மத்ஹபின் நூல்களே அமான் பெற்றுச் சென்றவர் மோசடி செய்வதைத் தடுக்கின்றன. வைப்புத்தொகையின் வட்டிக்காக மத்ஹபைத் தேடுபவர், பொய்த் தாளைத் தடுக்கும் பக்கம் வந்ததும் நூலை மூடிவிடுகிறார். மத்ஹபைப் பின்பற்றுதல் என்பது இதுதானா?

வீட்டாரும் அறியட்டும்

ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பொருளை அமானத்தாக வைக்க வருவார்கள். அது தொலைந்துவிடக் கூடாதே என்றஞ்சி, அதைக் கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். ஜமல் போருக்குமுன் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துக் கடன்களை அடைக்குமாறு வஸிய்யத் செய்தார்கள். கணக்கிட்டபோது கடன் 22 இலட்சம் என்று புகாரீ நூலில் பதிவாகியுள்ளது. மகனார் அனைத்தையும் அடைத்தபின்னும், நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவிப்புச் செய்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கிட்டார்கள். நம் சபராளிகளில் எத்தனை பேர் தம் கணக்குகளையும் கடன்களையும் மனைவிக்கு எழுதிக் கொடுத்திருக்கின்றனர்? அயல்நாட்டில் ஒருவர் மவ்த்தாகிவிட்டால் எந்த வங்கி, எந்தக் கிளை என்றுகூட அறியாது குடும்பம் திகைக்கிறது. வங்கியில் நியமனதாரராகப் பெயர் எழுதப்பட்டவர், வாரிசுகள் சார்பில் பணத்தைப் பெறுபவரே. முழுத் தொகையும் அவருக்குச் சொந்தமென்று எண்ணி அண்ணன் தம்பிகள் விழுங்கிவிடுவது விதவையின், அநாதைகளின் உரிமையைப் பறிப்பதாகும்.

நம் ஊரில் அந்நியர்

இறுதியாக ஒன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் காட்டுப்பள்ளியிலும் கும்மிடிப்பூண்டியிலும் தகரக் கொட்டகைகளில் வாழ்கின்றனர். ரியாத்தில் நம் பிள்ளைகள் எவ்வாறோ, இங்கே அவர்கள் அவ்வாறே. கஃபீல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் நாம் கொதிக்கிறோம். நம்மில் ஆள் வைத்து வேலை வாங்குபவரோ வீடு வாடகைக்கு விடுபவரோ, இத்தொழிலாளியின் ஆதார் அட்டையையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டால் அதுவும் அதே அநீதியே. வங்கிக் கணக்கு திறக்க அவருக்கு முகவரிச் சான்று தேவைப்படும்போது, வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே. முஹாஜிராகச் சென்று உரிமை கேட்பவர்கள், தம் ஊரில் அன்சாரியாக நடந்து காட்ட வேண்டாமா?

ஆகவே ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். சபர் செல்பவருக்குத் துஆச் செய்து கைகொடுத்து அனுப்புவதோடு கடமை முடிந்துவிடவில்லை. அவருடைய ஒப்பந்தத் தாளைப் படித்துப் பாருங்கள். வேலையும் விசாவும் ஒத்திருக்கின்றனவா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். கடன் கணக்கை எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். விசாவுக்காக நகையை அடகு வைக்க நினைக்கும் குடும்பத்திற்குப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். ஊதியம் குறைந்தாலும் உண்மையான தாளோடு செல்பவரை மெச்சுங்கள். பொய்த் தாளில் சென்று மாடி கட்டியவரை முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்.

மறுமையில் நம் பொருளைப் பற்றி இரு கேள்விகள் உண்டு: எவ்வழியில் ஈட்டினாய்? எவ்வழியில் செலவிட்டாய்? அந்த முதற்கேள்விக்குரிய விடையில் விசாத் தாளும் வங்கிப் படிவமும் அடங்கும். அவற்றில் உண்மையையே எழுதும் மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.