வீடும் மூச்சு விடட்டும்!



சிக்கனம் நல்லதுதான். ஆனால், எதில் சிக்கனம் என்று தெரிய வேண்டும்!

1973-இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. எரிபொருள் விலை ஏறியது. குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக வைத்திருக்க எரிபொருள் வேண்டுமே! எனவே, சூடு வெளியேறாதபடி சந்துபொந்துகளை எல்லாம் இறுக அடைத்தார்கள். ஓர் ஆளுக்கு நிமிடத்துக்கு 15 கன அடியாக இருந்த வெளிக்காற்றின் அளவை 5 கன அடியாகக் குறைத்தார்கள்.

எரிபொருள் மிச்சமானது. ஆனால், உள்ளே வேலை பார்த்த பலருக்குத் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு! வெளியே வந்தால் சரியாகிவிடும். பெயின்ட், ஒட்டுப்பலகை, தரைவிரிப்பு ஆகியவற்றிலிருந்து கிளம்பும் வாயுக்கள், போக வழியின்றி உள்ளேயே தேங்கியதும் ஒரு காரணம். 'நோயுற்ற கட்டடம்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

1989-இல் அங்குள்ள பொறியாளர் சங்கம், மறுபடியும் குறைந்தது 15 கன அடி வேண்டும் என்று விதியை மாற்றியது. அப்படியானால் சூடு வீணாகாதா? அதற்கும் ஒரு கருவி உண்டு. வெளியேறும் காற்றின் சூட்டை வாங்கி, உள்ளே வரும் புதுக்காற்றுக்கு அது கொடுத்துவிடும்!

உங்கள் அறைக்குப் புது பெயின்ட் அடித்தால், நெடி போகும் வரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஏ.சி. அறையையும் அவ்வப்போது திறந்து விடுங்கள்.

மின்சாரத்தைச் சேமிப்போம், மூச்சுக்காற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்!