'விண்ணப்பிக்கவும்' பட்டன் எங்கே போச்சு? 768-ஐ நம்பும் வெப் டிசைனும் தமிழும்

வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கிறார் ஒரு பட்டதாரி. கையில் இருப்பது போன் மட்டும்தான். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பியாச்சு. கடைசியில் 'விண்ணப்பிக்கவும்' பட்டனைக் காணோம்! பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால், திரைக்கு வெளியே பாதி ஒளிந்திருக்கிறது.

இதைத் தவிர்க்கத்தான் 'பிரேக்பாயின்ட்'. திரையின் அகலம் இந்த அளவைத் தாண்டினால் இரண்டு பத்தி, குறைந்தால் ஒரே பத்தி என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதிவைக்கும் எல்லைக்கோடு. 2010 மே மாதம் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழில் ஈதன் மார்கோட் எழுதிய கட்டுரைதான் இந்த முறைக்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயர் வைத்தது. அப்போதெல்லாம் போனுக்குத் தனித் தளம் நடத்துவதே பெரிய நிறுவனங்களின் வழக்கம்.

சரி, அந்தக் கோட்டை எங்கே போடுவது? சிக்கல் இங்கதான். முதல் ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 768 பிக்சல். பூட்ஸ்ட்ராப் தரும் 576, 768, 992, 1200 வரிசையிலும் அதே 768 உண்டு. பல டெவலப்பர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். டெட்லைன் நெருக்கும்போது அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆரம்பிக்க நல்ல எண்கள்தான். ஆனால், அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு.

ஏனென்றால், இவை கருவியின் அளவுகள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இவற்றுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் 'அப்ளை' என்பதற்கு 5 எழுத்து. 'விண்ணப்பிக்கவும்' 9 எழுத்து, அதுவும் ஒவ்வொன்றும் அகலமானவை. ஆங்கிலத்தில் டிசைன் செய்து, டெஸ்ட் செய்து, கடைசி நாளில் தமிழை ஒட்டினால் 768-இல் கச்சிதமாக நின்ற மெனு இரண்டு வரியாக வழிகிறது. இடம் போதாமல் சொல்லை வெட்டினால் இன்னும் கூத்து: 'விண்ணப்பி...' என்று நிற்கிறது. மரியாதையும் சேர்ந்தே போச்சு.

இன்னொரு விஷயம், எழுத்தின் அளவு. கண் மங்கலான அப்பா, அம்மாக்கள் பக்கத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறார்கள். 1280 பிக்சல் அகலத் திரையை 400 சதவீதம் ஜூம் செய்தால் பிரவுசர் கணக்கில் மிஞ்சுவது 320 மட்டுமே. அந்த அகலத்திலும் பக்கவாட்டில் தள்ளாமல் படிக்க முடிய வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச அணுகல் வழிகாட்டி. ஆக, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் போன் லேஅவுட்தான் கைகொடுக்கிறது. 'போனுக்கு இது, கம்ப்யூட்டருக்கு அது' என்ற பிரிவினை இங்கேயே அடிபட்டுப்போகிறது.

2023 தொடக்கத்துக்குள் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் 'கன்டெய்னர் குவெரி' வந்துவிட்டது. முழுத் திரையைப் பார்க்காமல், பட்டன் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் அகலத்தைப் பார்த்தே லேஅவுட்டை மாற்றலாம். ஆனால் எல்லை எந்த எண் என்பதை அங்கேயும் ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நிஜமான தமிழ்ச் சொற்களைப் பக்கத்தில் போட்டு, லேப்டாப்பில் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகக் குறுக்கினால் போதும். மெனு எங்கே உடைகிறதோ அங்கேதான் கோடு. அது 768 ஆக இருக்கலாம், 830 ஆகவும் இருக்கலாம்.