கங்கை ஒப்பந்தம் காலாவதியாக விடலாகாது

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரில் நிறைவடைகிறது. இரு தரப்பும் மனமொத்தால் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் கூறுகிறது. தானாகவே தொடரும் என்று கூறவில்லை. ஆண்டுதோறும் நீர்ப் பங்கீடு தொடங்குவது ஜனவரி முதல் தேதி. அந்தத் தேதிக்குள் உடன்பாடு எட்டப்படாவிட்டால், ஃபராக்கா கதவணையின் மதகுகளை எந்த விதிப்படி இயக்குவது என்ற கேள்விக்கு விடை இராது. எனவே, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பணியைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட ஒன்றிய அரசுக்கு எந்த நியாயமும் இல்லை.

மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், வங்கதேச எல்லைக்கு மிக அருகில் அமைந்துள்ளது ஃபராக்கா. வண்டல் படிந்து தூர்ந்துவந்த ஹூக்ளி ஆற்றில் நீரைப் பாய்ச்சிக் கொல்கத்தா துறைமுகத்தைக் காப்பதற்காக எழுப்பப்பட்ட இக்கதவணை, 1975 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. வினாடிக்கு 40,000 கன அடி நீரைக் கொண்டுசெல்லவல்ல 38 கிலோமீட்டர் நீளக் கால்வாய் அதற்கென வெட்டப்பட்டது. கொல்கத்தா மாநகரின் குடிநீரும் அதே ஹூக்ளியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மறுபுறம், எல்லை தாண்டிய கங்கை வங்கதேசத்தில் பத்மா என்று பெயர் பெறுகிறது. அதிலிருந்து பிரியும் கோராய் ஆறு குல்னா பகுதிக்கும் சுந்தரவனத்துக்கும் நன்னீர் தருகிறது. கோடையில் அந்த நன்னீர் குறைந்தால் கடலின் உப்பு உள்ளேறுகிறது; வயலும் மீன்வளமும் அலையாத்திக் காடும் ஒருசேரப் பாழாகின்றன. கொல்கத்தாவின் தேவையும் உண்மை. குல்னாவின் தேவையும் உண்மை. இரண்டையும் ஒரே ஆறு நிறைவேற்ற வேண்டியிருப்பதால்தான் ஒப்பந்தம் தேவைப்படுகிறது.

ஒப்பந்தம் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு வரலாறே சான்று. 1976 மே மாதம் மௌலானா பாசானி தலைமையில் பெருந்திரளான மக்கள் ராஜ்ஷாஹியிலிருந்து ஃபராக்காவை நோக்கி நெடும்பயணம் புறப்பட்டனர். அதே ஆண்டு வங்கதேசம் இச்சிக்கலை ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்குக் கொண்டுசென்றது. 1977 நவம்பரில் ஐந்தாண்டு உடன்பாடு ஒன்று கையெழுத்தானது. அதன்பின் 1982, 1985 ஆண்டுகளில் குறுகிய காலப் புரிந்துணர்வுகள் எட்டப்பட்டன. 1988க்குப் பிறகு எட்டாண்டுகள் எந்த உடன்பாடும் இல்லை. 1993 மார்ச்சில் ஹார்டிங் பாலத்தருகே நீரோட்டம் 10,000 கன அடிக்கும் கீழே சரிந்ததாக வங்கதேசம் பதிவு செய்தது.

இந்தத் தேக்கத்தை உடைத்தது 1996 டிசம்பர் 12 அன்று புதுதில்லியில் கையெழுத்தான ஒப்பந்தம். இடதுசாரிகளின் ஆதரவு பெற்ற ஐக்கிய முன்னணி அரசின் பிரதமர் தேவகௌடாவும் வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் அதில் கையெழுத்திட்டனர். அதற்கு வழிகோலியவர்களில் முதன்மையானவர் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னரே அவர் டாக்கா சென்று பேசினார். நீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய மாநிலத்தின் முதல்வரே உடன்பாட்டுக்காக முன்னின்றார் என்பது கவனிக்கத்தக்கது. மாறாக 2011 செப்டம்பரில் தீஸ்தா ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில், அன்றைய மாநில முதல்வர் மம்தா பானர்ஜியின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது. இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் ஆறுகள் 54; அவற்றுள் முழுமையான பகிர்வு ஒப்பந்தம் உள்ளது கங்கைக்கு மட்டுமே.

ஒப்பந்தத்தின் சாரம் எளியது. ஜனவரி முதல் மே இறுதிவரை, ஃபராக்காவுக்கு வரும் நீர் வினாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் சரிபாதி. 70,000 முதல் 75,000 வரை இருந்தால் வங்கதேசத்துக்கு 35,000, எஞ்சியது இந்தியாவுக்கு. அதற்கு மேல் இருந்தால் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியது வங்கதேசத்துக்கு. நீர் மிகவும் அருகும் மார்ச் முதல் மே 10 வரையிலான நாட்களில், பத்து நாட்களுக்கொருமுறை மாறிமாறி இரு நாடுகளுக்கும் 35,000 கன அடி உறுதி செய்யப்படுகிறது. எவ்வளவு கசப்பான அரசியல் சூழலிலும் இருநாட்டுப் பொறியாளர்களும் ஒன்றாக நின்று நீரை அளந்துவந்தனர் என்பது இந்த ஒப்பந்தத்தின் பெரும் பேறு.

அதே சமயம் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. பங்கீட்டுக் கணக்கு 1949 முதல் 1988 வரையிலான சராசரி நீரோட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆற்றின் மேற்பகுதியில் நீரெடுப்பு பெருகிவிட்டது, பருவநிலையும் மாறிவிட்டது. வரத்து 50,000 கன அடிக்கும் கீழே இறங்கினால் உடனடியாகக் கலந்துபேச வேண்டும் என்பதற்கு மேல் திட்டவட்டமான ஏற்பாடு இல்லை. வண்டல் தேங்கி வெள்ளம் பெருகுகிறது என்று பீகார் முறையிடுகிறது. 2016இல் அதன் முதல்வர் நிதீஷ் குமார் கதவணையையே அகற்றக் கோரினார். மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் ஆற்றரிப்பால் வீடும் நிலமும் இழந்த ஏழைகளின் குரல் எந்தப் பேச்சுவார்த்தையிலும் ஒலிக்கவில்லை. கதவணை எழும்பும் முன்பே இத்தகைய விளைவுகளை எச்சரித்த மேற்கு வங்கப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா, பாகிஸ்தானின் கையாள் என்று தூற்றப்பட்டார். அறிவியல் கேள்விக்குத் தேசத்துரோகப் பட்டம் சூட்டியதன் விலையை மக்கள் இன்றும் கொடுத்துவருகின்றனர்.

புதுப்பித்தலுக்கான தொழில்நுட்பப் பேச்சு குறித்து 2024 ஜூனில் இரு பிரதமர்களும் அறிவித்தபோது, தன்னைக் கலந்தாலோசிக்கவில்லை என்று மேற்கு வங்க அரசு கடிதம் எழுதியது. மாநிலங்களை ஒதுக்கிவிட்டு நதிநீர் உடன்பாடு காண முயல்வது கூட்டாட்சிக்கு முரணானது. 2025 மார்ச்சில் இருநாட்டு வல்லுநர்கள் ஃபராக்காவைப் பார்வையிட்டுக் கொல்கத்தாவில் கூடிப் பேசினர். வல்லுநர்களின் சந்திப்பு நல்லது; ஆனால் முடிவெடுக்க வேண்டியது அரசியல் தலைமை. அங்கேதான் தடை இருக்கிறது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஏற்பட்ட ஆட்சி மாற்றத்துக்குப் பின், எல்லையின் இருபுறமும் வகுப்புவாத சக்திகள் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. அங்கே சிறுபான்மையினர் மீதான தாக்குதலும், இங்கே வங்கமொழி பேசும் ஏழைத் தொழிலாளரை அந்நியராகச் சித்திரிப்பதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதலைத் தொடர்ந்து, 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பயங்கரவாதம் ஒடுக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தண்ணீரை ஆயுதமாக்கும் போக்கு கங்கைக்கும் பரவினால் அது நம்மையே திருப்பித் தாக்கும். பிரம்மபுத்திராவைப் பொறுத்தவரை இந்தியா கீழ்ப்படுகை நாடு. 2025 ஜூலையில் அதன் மேற்பகுதியில் சீனா மாபெரும் நீர்மின் திட்டத்தைத் தொடங்கியபோது, கீழ்ப்படுகை நாடுகளின் உரிமை குறித்து இந்தியா கவலை தெரிவித்தது, அது நியாயமே. மேலே இருப்பவரிடம் நாம் கோரும் நியாயத்தைக் கீழே இருப்பவருக்கு மறுக்க முடியாது.

தமிழ் மக்களுக்கு இதை விளக்க நெடிய வாதம் தேவையில்லை. 1924ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தம் ஐம்பதாண்டுக் காலத்தை எட்டிய 1974இல், அது காலாவதியாகிவிட்டது என்றது கர்நாடகம்; இல்லை என்றது தமிழ்நாடு. நடுவர் மன்றம் அமைய 1990 வரையும், உச்சநீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வர 2018 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையே 1991 டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழ் உழைப்பாளிகள் தாக்கப்பட்டனர்; டெல்டாவில் குறுவை பொய்த்தது. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கே இந்நிலை என்றால், பொதுவான உச்சநீதிமன்றம் இல்லாத இரு நாடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஒப்பந்தம் காலக்கெடுவுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். புதிய நீரோட்ட அளவுகளைக் கொண்டு கணக்கு திருத்தப்பட வேண்டும். மிகக் குறைந்த வரத்துக் காலத்துக்கும் உறுதியான ஏற்பாடு வேண்டும். மேற்கு வங்கமும் பீகாரும் பேச்சுவார்த்தையில் இடம்பெற வேண்டும். ஆற்றரிப்புக்கு ஆளானோரின் மறுவாழ்வுக்கு ஒன்றிய அரசு பொறுப்பேற்க வேண்டும். எல்லை கடந்த நீர் ஒத்துழைப்பு, 2030க்குள் எட்டவேண்டியதாக ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. இந்தியாவும் அதற்கு உடன்பட்டுள்ளது. அந்த வாக்கு காக்கப்படுகிறதா என்பதை ஃபராக்காவில் அளந்தறியலாம். இதனை மக்களிடையே எடுத்துச்செல்வதும், அண்டை நாட்டு மக்கள் மீதான வெறுப்புப் பிரச்சாரத்தை எதிர்ப்பதும் முற்போக்கு சக்திகளின் உடனடிக் கடமை.